தத்தெடுத்தால் சொத்தில் பங்கு உண்டு

இப்போதெல்லாம் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி ஒரு தத்தெடுப்புச் செய்தி வருகிறது. தத்துப் போவது குழந்தை அல்ல, பள்ளிக்கூடம். ஏதாவது ஓர் உயர்கல்வி நிறுவனம் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். கூடவே ஒரு படம். இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் கோப்பைப் பிடித்திருப்பார்கள், கழுத்தில் சால்வை, பின்வரிசையில் வெயிலில் நின்று வாடிப்போன பிள்ளைகள். "ஏழை மாணவர்களின் உயர்கல்விக் கனவு நனவாகிறது" என்று கீழே ஒரு வரி.

முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குப் படத்தில் கண் போவது அந்தக் கோப்பின் மேல்தான். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி வரைவுகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் உயர்ந்த நோக்கங்கள். இரண்டாம் பக்கத்தில் "இயன்ற வகையில்", "தேவைப்படும்போது", "பரஸ்பர ஒப்புதலுடன்". கடைசியில், யாரும் வாசிக்காத இடத்தில், இந்த ஒப்பந்தத்தால் எந்தத் தரப்புக்கும் நிதிப் பொறுப்பு ஏதும் கிடையாது என்று ஒரு ஷரத்து. அந்த ஒரு ஷரத்துக்குத்தான் உயிர் உண்டு. மற்றவையெல்லாம் அலங்காரம்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு என்ன நடக்கும்? ஒரு நாள் பிள்ளைகளை வேனில் ஏற்றி வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். நூலகம், ஆய்வுக்கூடம், பிறகு கேன்டீனில் ஒரு சமோசா. ஒரு பேராசிரியர் பள்ளிக்கு வந்து "இலக்கு நிர்ணயித்தல்" பற்றிப் பேசுவார். அடுத்த வருடம் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார், கோப்பு பீரோவுக்குள் போகும்.

என் உத்தியோகத்தில் வாரிசுச் சான்றிதழ் சம்பந்தமான காகிதங்களும் என் மேசைக்கு வந்ததுண்டு. தத்துப் பிள்ளை என்றால், பெற்ற பிள்ளைக்கு உள்ள அதே பங்கு அதற்கும் சொத்தில் உண்டு. பங்கு கிடையாது, பண்டிகைக்கு மட்டும் வந்து சாப்பிட்டுப் போ என்றால் அதற்குப் பெயர் தத்து அல்ல. பல்கலைக்கழகத்தின் சொத்து அதன் சீட்டுதான். சீட்டில் பங்கு தராமல் ஒரு பள்ளியைத் தத்தெடுத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்காக, நடந்த ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன்.

பாரிஸில் சேன் நதியின் தென்கரையில், சேன்-கியோம் தெருவில், சியான்ஸ் போ என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டின் அதிபர்கள், அமைச்சர்கள், பெரிய அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் பலரும் அங்கே படித்தவர்கள். அந்தக் காலத்தில் அதன் நுழைவுத் தேர்வு கடுமையாக இருந்தது. வரலாறும் பொது அறிவும் கட்டுரையாக எழுத வேண்டியிருந்தது, நடையும் பார்த்தார்கள். அதற்கென்று காசு வாங்கித் தயார் செய்யும் தனிப்பயிற்சி நிலையங்களும் இருந்தன. விளைவு நாம் எதிர்பார்ப்பதுதான்: வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், மற்றவர்கள் விண்ணப்பம்கூடப் போடவில்லை.

2001-இல் அதன் இயக்குநர் ரிஷார் தெக்குவான், பின்தங்கிய பகுதிகளிலிருந்த 7 அரசுப் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட்டார். நம்மூரிலிருந்து போன குடும்பங்கள் நிறையப் பேர் வாழும் பாரிஸின் வடக்குப் புறநகர்களும், சுரங்கமும் உருக்காலையும் மூடி வேலை போன லொரேன் பகுதியும் அதில் அடக்கம். அவர் போட்ட ஒப்பந்தத்தில் வளாகச் சுற்றுலா முக்கியமல்ல. அந்தப் பள்ளி மாணவர்கள் எழுத்துத் தேர்வு எழுத வேண்டாம் என்றார். அதற்குப் பதில், மாணவர் ஒரு நாட்டு நடப்பு விஷயத்தை எடுத்துக்கொண்டு, பல வாரம் பத்திரிகைகளில் அதைத் தொடர்ந்து வாசித்து, வெட்டித் தொகுத்து, சுருக்கமும் தன் சொந்தக் கருத்தும் எழுத வேண்டும். ஆசிரியர்கள் வழிகாட்டுவார்கள். முதலில் பள்ளியிலேயே ஒரு குழு கேள்வி கேட்கும். அதில் தேறியவர்கள் பாரிஸுக்கு வந்து நேர்முகத் தேர்வில் உட்கார வேண்டும். உள்ளே வந்துவிட்டால் சலுகை கிடையாது. அதே வகுப்பு, அதே தேர்வு, அதே பட்டம்.

முதல் வருடம் சேர்ந்தவர்கள் 17 பேர். பதினேழே பேர்! அதற்கு எழுந்த கூச்சலைக் கேட்டால் பதினேழாயிரம் பேர் சுவர் ஏறிக் குதித்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். தரம் போச்சு, சமத்துவம் போச்சு, குடியரசே போச்சு என்றார்கள். வலதுசாரி மாணவர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. நாடாளுமன்றம் இதற்காகவே சட்டத்தில் இடம் செய்து கொடுத்தது. தேர்வு முறைக்குப் புறவயமான அளவுகோல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 2001 ஜூலையில் அரசியல் சாசன மன்றம் அதை ஏற்றது. ஏழு பள்ளிகள் பிறகு நூறை ஒட்டி வளர்ந்தன.

தெக்குவானை நான் மகான் ஆக்கவில்லை. அவர் 2012-இல் காலமானார். அதே ஆண்டில் அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை மன்றம், அவர் காலத்து நிர்வாகச் செலவுகளையும் சம்பளங்களையும் கடுமையாகவே கண்டித்து அறிக்கை கொடுத்தது. ஆடிட் ஆட்சேபணை எழுதியும், அதற்குப் பதில் எழுதியும் பழகியவன் நான். அந்த அறிக்கையில் எனக்கு வருத்தமில்லை. திட்டத்தின் மேலும் குறை உண்டு. ஒப்பந்தப் பள்ளி என்று தெரிந்ததும் நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது உண்மையான விமர்சனம். ஆனால் அந்த விமர்சனத்தை இன்னொரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். யாரும் சேரத் தயங்கிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெற்றோர் வந்தார்கள் என்று அர்த்தம். எந்தச் சால்வை விழாவுக்கு அந்தச் சக்தி உண்டு?

அதே நாட்டில் செர்ஜி நகரிலுள்ள எசெக் என்ற வணிகக் கல்லூரி வேறு வழியில் போனது. தன் மாணவர்களையே பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக அனுப்பியது. ஒருநாள் கூத்து இல்லை, வாரா வாரம், பல வருடம். சீட்டு ஒதுக்கவில்லை, பேசவும் வாசிக்கவும் துணிவும் கற்றுக்கொடுத்தது. இதுவும் நல்ல வேலைதான். எனக்கு இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் தெக்குவானின் சீட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். பயிற்சி நின்று போகலாம். சீட்டு காகிதத்தில் இருக்கும். காகிதத்தில் இருப்பதைக் கேட்டு வாங்க முடியும்.

நுழைவுத் தேர்வு எதை அளக்கிறது என்பது பற்றிப் பிரெஞ்சு மொழி வழியில் படித்த நம் தலைமுறைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1962-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது நான் திக்தே எழுதிக்கொண்டிருந்த பையன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: ஆசிரியர் வாசிக்க நாம் எழுத வேண்டும், ஓர் இலக்கணப் பிழைக்கு 4 மதிப்பெண் போகும், ஐந்து பிழை செய்தால் 20-க்குப் பூஜ்யம். பனி விழுவதைப் பற்றியும் கணப்பு அடுப்பைப் பற்றியும் பத்திகள் வரும். வீட்டில் பிரெஞ்சு பேசிய ரெனோன்சான் குடும்பத்துப் பையன்களுக்கு அது காதில் கேட்ட மொழி. அவர்கள் இரண்டு பிழையோடு எழுந்து போவார்கள். என் அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்றால் மில் சங்குச் சத்தத்துக்குப் பிறகு சம்பளக் காகிதத்தில் வரும் நாலு வார்த்தை. நானும் உழைத்தேன், அந்தப் பையன்களும் உழைத்தார்கள். அளவுகோல் மட்டும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் செய்தது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். சைகோனில் பல வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளை என்னிடம் கொடுத்து, மறுநாள் வந்து கதையாகச் சொல்லச் சொல்வார். திக்தேயில் பூஜ்யம் வாங்கிய நான் அவர் திண்ணையில் அல்ஜீரியப் போரைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன். பிரவே தேறினேன் என்றால் அந்தத் திண்ணையால்தான். சியான்ஸ் போவின் பத்திரிகைத் தொகுப்புத் தேர்வைப் பற்றி முதலில் வாசித்தபோது, யாரோ அந்தத் திண்ணைக்கு அரசாங்க முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன்.

காலாப்பட்டில் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. ஏறக்குறைய 780 ஏக்கர். அதே காலாப்பட்டில்தான் பொறியியல் கல்லூரி, 2020-இல் அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆகிவிட்டது. அதே காலாப்பட்டில்தான் அம்பேத்கர் பெயரில் அரசு சட்டக் கல்லூரி. கொஞ்சம் வடக்கே போனால் தனியார் மருத்துவக் கல்லூரி. மத்திய சிறைச்சாலையும் அங்கேதான், விட்டுப்போகக் கூடாதே என்று சொல்லிவைக்கிறேன். 2004 சுனாமியில் அடி வாங்கிய மீனவக் குப்பங்களைச் சுற்றி இத்தனை படிப்பு நிற்கிறது. அந்தக் குப்பங்களிலிருந்து காலையில் அந்த வாசல்களுக்குள் போகிறவர்களைப் பாருங்கள். நான் பார்த்தவரை தோட்ட வேலைக்கும், துப்புரவு வேலைக்கும், காவல் வேலைக்கும் போகிறவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அதே சாலையில் உள்ள அரசுப் பள்ளிக்கு, மதில் சுவரை ஒட்டி நடந்து போகிறார்கள்.

"புதுச்சேரிக்கு 25 சதவீதம் இருக்கிறதே, இன்னும் என்ன?" என்று கடற்கரைச் சாலை நடைப்பயிற்சியில் ஓய்வுபெற்ற சூப்பிரண்ட் ஒருவர் என்னை மடக்கினார். இருக்கிறது, சில பாடப்பிரிவுகளில். அதை எல்லாப் பாடங்களுக்கும் விரிக்கச் சொல்லி மாணவர்கள் பல காலமாகக் கேட்கிறார்கள், நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது குடியிருப்பை வைத்து வரும் ஒதுக்கீடு. நகரத்தில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளையும் புதுச்சேரிதான், பிள்ளைச்சாவடியில் வலை பின்னுகிறவர் மகளும் புதுச்சேரிதான். அந்த 25-க்குள் யார் முந்துவார்கள் என்பதற்கு ஜோசியம் வேண்டாம்.

அவர் விடவில்லை. "தகுதி என்னாவது, முசியே? நீங்களும் நானும் பரீட்சை எழுதித்தானே வேலைக்கு வந்தோம்?" எழுதினோம். அதனால்தான் எனக்குத் தகுதியின் மேல் மரியாதை உண்டு, தகுதிச் சான்றிதழின் மேல் அவ்வளவு இல்லை. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. இளநிலைப் படிப்புக்குத் தமிழிலும் எழுதலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் கணினி முன் உட்கார்ந்து, நாலு விடையில் ஒன்றை நொடிக் கணக்கில் தொடுவது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் விற்பனைக்கு இருக்கிறது, வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். இடையில் நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025-இல் முதல் தடவையாகப் பிள்ளைகள் அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். பாடத்திட்டமும் புதிது, தேர்வும் புதிது. பழைய திக்தேதான், பெயர்தான் மாறியிருக்கிறது.

பிரான்சிலும் இந்தத் தகுதிக் கூச்சல் ஓயவில்லை. 2010 ஜனவரி வாக்கில், உயர்கல்லூரிகளில் உதவித்தொகை பெறும் மாணவர்கள் 30 சதவீதம் இருக்க வேண்டும் என்று அரசு பேசியபோது, அந்தக் கல்லூரிகளின் கூட்டமைப்பு சராசரித் தரம் குறைந்துவிடும் என்றது. நாடே கொதித்து, பெரிய முதலாளிகள் சிலரே அந்த வாதத்தைக் கண்டித்து எழுதினார்கள். நம்மூரில் இன்னும் அதே வாதத்தைச் சுண்டல் பொட்டலத்தோடு கடற்கரையில் கேட்க முடிகிறது.

அடுத்தது, சட்டம் இடம் தராது என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சட்டத்தைப் புரட்டாதவர்கள். தமிழ்நாடு 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அது செல்லும் என்றது. நம் புதுச்சேரியிலும் மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் வந்துவிட்டது. மத்திய நிறுவனம் வேறு என்பார்கள். சரி, ஐ.ஐ.டி.கள் 2018 முதல் பெண்களுக்கென்று இருக்கிற இடங்களுக்கு மேல் கூடுதல் இடங்களை உருவாக்கவில்லையா? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்துப் பல வருடம் சேர்க்கவில்லையா? அதுவும் மத்தியப் பல்கலைக்கழகம்தானே. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு விதியைத் தேடுகிற கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு விதியைத் தேடினால், அதே புத்தகத்தில் அதே அலமாரியில் கிடைக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. வளாகத்தைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இப்போதுள்ள இடங்களுக்கு மேல் ஐந்து கூடுதல் இடம். யாருடைய சீட்டும் குறையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடர்பு. தேர்வு முறைக்கு அந்தப் பத்திரிகைத் தொகுப்பு போல ஒன்று வையுங்கள். விஷயம்கூட நான் சொல்கிறேன். நம் நகரத்துக் கடற்கரையில் மணல் இருந்ததும், அதில் நாம் உட்கார்ந்ததும் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் வந்தது, மணல் போனது. பிறகு அரிப்பு வடக்கே நகர்ந்து குப்பங்களின் வாசலுக்கு வந்தது. பிள்ளைச்சாவடிப் பையன் ஒருவன் அதைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டு, பத்திரிகைகளைத் தொகுத்து, ஆறு மாதம் கடலை அளந்து எழுதட்டும். புவி அறிவியல் துறைப் பேராசிரியர் அவனைக் கேள்வி கேட்கட்டும். யாருக்குத் தகுதி இருக்கிறது என்று அப்போது தெரியும்.

இன்னொன்று. பேராசிரியரை அனுப்புவதற்கு முன்னால் ஒரு யு.டி.சி.யை அனுப்புங்கள். சிரிக்காதீர்கள். என் உத்தியோகத்தில் சில வருடம் கல்வி உதவித்தொகைக் காகிதங்கள் பார்த்தேன். மதிப்பெண் குறைந்து படிப்பை விட்ட பிள்ளைகளைவிட, காகிதம் குறைந்து விட்ட பிள்ளைகள் என் கண்ணில் அதிகம் பட்டார்கள். வருமானச் சான்றிதழ் காலாவதி. குடியிருப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. சாதிச் சான்றிதழ் தாத்தா பெயரோடு நிற்கும். ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக ஒரு பெண் மூன்று தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்து, நாலாவது தடவை வரவில்லை. இப்போது எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். கியூ கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம். நம் சென்டாக் விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டி வருவதால் ஊரில் நாலு பேருக்குத் தெரியும். சி.யூ.இ.டி. விண்ணப்பமோ, அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் வாக்கில், பிள்ளை ப்ளஸ் டூ பரீட்சையில் மூழ்கியிருக்கும்போது வந்து போய்விடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு விழிக்கிற வீட்டுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். வாரம் ஒருநாள், பள்ளி நூலகத்தில் ஒரு மேசை, விண்ணப்பமும் சான்றிதழும் தெரிந்த ஒரு குமாஸ்தா. பல்கலைக்கழகத்துக்கு ஆள் பற்றாக்குறை என்றால் நம்மைப் போல ரிட்டயர் ஆன எத்தனை பேர் பாண்டியில் சும்மா இருக்கிறோம்! ஒரு டீயும் பஸ் சார்ஜும் போதும்.

உள்ளே வந்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறுமே என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். தடுமாறும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் இணைப்பு வகுப்பு வையுங்கள், விடுதிக் கட்டணத்தைத் தள்ளுங்கள். நாம் பிரெஞ்சில் படித்துவிட்டு இருபது வயதில் ஆங்கிலத்தில் நோட் எழுதக் கற்றுக்கொண்டவர்கள்தானே. எந்த அலுவலகமும் அதனால் இடிந்து விழவில்லை.

துணைவேந்தருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், தமிழில் ஒரு படி, ஆங்கிலத்தில் ஒரு படி, கல்வித்துறைச் செயலருக்கு நகல். "இயன்ற வகையில்" என்ற சொல் அதில் எங்கும் கிடையாது. கூடுதல் இடங்களின் எண்ணிக்கை, எந்த ஆண்டு முதல், யார் பொறுப்பு என்று மூன்று பத்தி. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலை ஆறரைக்கு நடைப்பயிற்சியில் என்னைப் பிடிக்கலாம், காந்தி சிலைப் பக்கம்தான் இருப்பேன். பெயருக்கு நேரே நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதுங்கள். சூப்பிரண்ட் நேற்று வாங்கி இரண்டு தடவை வாசித்தார், ஒரு கமா இடம் மாறியிருக்கிறது என்றார். திருத்திவிட்டேன். கையெழுத்து இன்னும் போடவில்லை, கண்ணாடி கொண்டு வரவில்லையாம்.